காடி நின்றால் காயில்தான் குற்றவாளியா?

பழைய காடி வைத்திருக்கும் தோட்டத் தோழர் யாரையாவது நிறுத்தி, "அண்ணே, வண்டி ஏன் வழியில நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "காயில் போச்சு தம்பி" என்பார். மழையில் நின்றாலும் காயில், வெயிலில் நின்றாலும் காயில். பட்டறைக்குப் போனால் போர்மனும் போனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார். புதுக் காயில் வாங்கி மாட்டுவார்கள். வண்டியும் ஓடும். இரண்டு வாரம் கழித்து அதே தோழர் அதே வண்டியை அதே மேட்டில் தள்ளிக்கொண்டு வருவார்!

இந்தக் கூத்தில் கரைவது நம்முடைய கூலி. காயில் ஒரு பெரிய சாமான் இல்லைதான். ஆனால் காயில் விலை, பட்டறைக் கூலி, வேலைக்குப் போகாத நாள், வண்டியை இழுத்து வந்தவருக்குக் கொடுத்தது என்று கூட்டிப் பாருங்கள். வீட்டில் உடம்புக்கு முடியாதவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வழியில் வண்டி நின்றால் அதற்குக் கணக்கே கிடையாது. ஆகவே காயில் உண்மையிலேயே போய்விட்டதா, இல்லை பழியை மட்டும் சுமக்கிறதா என்பதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்று கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். தேவையான கருவி ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும்தான்.

முதலில் பெயர்த் தகராறு. பட்டணத்துப் பட்டறைகளில் இதைக் 'கோயில்' என்றே சொல்லக் கேட்டிருப்பீர்கள். "கோயில் சூடாயிருச்சு, கோயிலக் கழட்டு" என்று போர்மன் சத்தம் போட, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். நமக்கு அந்த வம்பு வேண்டாம். காயில் என்றே எழுதுகிறேன். டிஸ்டிரிபியூட்டர் என்று புத்தகத்தில் இருப்பதை நம் பட்டறைகளில் 'டெல்கோ' என்கிறார்கள். அதையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டுக்கு மோரிஸ் மைனர் காடியை எடுத்துக்கொள்கிறேன். 1948-ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான வண்டி. இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னாளில் மினி காடியையும் படைத்தவர். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் காடி இதுவே. மலாயாத் தோட்டங்களில் கிராணி, டிரசர், வாத்தியார் என்று மாதச் சம்பளக்காரர்கள் ஆசையாய் வாங்கி ஓட்டினார்கள். அவர்கள் கைமாற்றிவிட, கங்காணிக்கும் லோரி ஓட்டுநருக்கும் வந்து சேர்ந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களில், அப்பா விட்டுப்போன மைனரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு என்றால் அதற்குத் தனி மவுசு. பாயிண்ட் வைத்த வேறு பழைய காடிகளுக்கும் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். கம்ப்யூட்டர் வைத்த இன்றைய காடிகளில் மட்டும் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள். ஒயரைக் கழற்றிப் பொறி பார்க்கப் போனால் உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான் கருகிவிடும்.

காயில் என்ன வேலை செய்கிறது?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் வாயில் பொறி பறக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 12-ஐ ஆயிரங்களாக்கிக் கொடுப்பதுதான் காயிலின் தொழில். வெளியில் ஒரு தகர டப்பா. உள்ளே நடுவில் இரும்பு. அதைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்றுகள். ஒன்று கொஞ்சம் தடித்த கம்பி, சில நூறு சுற்று. மற்றது தலைமயிர் போன்ற கம்பி, பல்லாயிரம் சுற்று. இரண்டும் சூடேறாமல் இருக்க டப்பாவுக்குள் எண்ணெய்.

டெல்கோவுக்குள் இருக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும், இரும்பு காந்தமாகும். பாயிண்ட் திறந்த அந்தக் கணத்தில் மின்சாரம் வெட்டுப்படும், காந்தம் சட்டென்று சரியும். அந்தச் சரிவில்தான் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்புகிறது. லயத்துப் பொதுக்குழாயை வேகமாக மூடிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் ஓடும்போது குழாய் சும்மா இருக்கும். படாரென்று மூடினால் 'டக்' என்று குழாயே அதிரும். ஓட்டத்தை எவ்வளவு திடீரென்று நிறுத்துகிறோமோ அவ்வளவு பலமான அடி. அந்தத் திடீர் நிறுத்தத்துக்குத் துணைநிற்பது பாயிண்டின் பக்கத்தில் இருக்கும் விரல் நுனியளவு கண்டென்சர். அது இல்லாவிட்டால் பாயிண்ட் திறந்த பிறகும் மின்சாரம் நெருப்பாகத் தாவிக்கொண்டே இருக்கும். வெட்டு சுத்தமாக விழாது.

ஆக, பொறி என்பது காயில் ஒருவரின் தனி வேலை இல்லை. சுவிட்ச், காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டெல்கோ மூடி, பிளக் ஒயர், பிளக் எல்லாம் ஒரு கோர்வை. மைனர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு நூறு பொறி விழ வேண்டும். கோர்வையில் எது தடுமாறினாலும் வண்டி ஒரே மாதிரிதான் நிற்கும். பால் குறைந்தது என்று மரத்தையா வெட்டிப் போடுகிறோம்? கோடு சரியா, பால் வடியும் தகரம் சரியா, மங்கு கவிழ்ந்ததா என்று பார்க்கிறோமில்லையா? இங்கேயும் அதே கதைதான்.

எண்ணெயா, நெருப்பா?

போனட்டைத் திறக்குமுன் வண்டி நின்ற விதத்தை யோசியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போலச் சட்டென்று நின்றதா? பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. முக்கி முனகி, இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றதா? முதலில் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். இது கல்லில் எழுதிய சட்டமில்லை. ஆனால் பெரும்பாலும் கைகொடுக்கும்.

மைனரில் ஒரு நல்ல வசதி, அதன் மின்சார பெட்ரோல் பம்ப். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தொட்டியில் எண்ணெய் இல்லை, அல்லது எங்கோ காற்று வாங்குகிறது. பம்புக்கும் காயிலுக்கும் மின்சாரம் வருவது ஒரே சாவி சுவிட்சிலிருந்துதான். பம்ப் வாயே திறக்கவில்லை, காயிலுக்கும் மின்சாரம் வரவில்லை என்றால் கோளாறு சுவிட்சில், அல்லது அங்கிருந்து வரும் வெள்ளை ஒயரில். காயிலைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

பல்ப் சொல்லும் சாட்சி

சோதனைக்கு முன் சில வார்த்தை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போடுங்கள். கைலியைக் கட்டிக்கொண்டு ஓடும் எஞ்சின் மேல் குனியாதீர்கள், விசிறிப் பட்டை இழுத்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் பொறி பார்க்கும் பேச்சே கூடாது. இருதயத்துக்கு 'பேஸ்மேக்கர்' வைத்திருப்பவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

ஒரு 12 வோல்ட் சின்ன பல்பில், பக்கவிளக்குப் பல்ப் போதும், இரண்டு ஒயர் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு நுனியை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வையுங்கள். நம் மைனர்கள் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் கட்டி வந்தவை. பிறகு ரேடியோ, ஆல்டர்னேட்டர் என்று மாட்டியவர்கள் சிலர் அதை நெகட்டிவுக்கு மாற்றிவிட்டார்கள். பல்புக்கு அந்தப் பேதம் கிடையாது. எப்படி இருந்தாலும் எரியும்.

பழைய லூக்காஸ் காயில் தலையில் இரண்டு முனைகளைப் பாருங்கள். ஒன்றில் எஸ்.டபிள்யூ. என்றிருக்கும், அது சுவிட்சிலிருந்து வருவது. மற்றதில் சி.பி. என்றிருக்கும், அது டெல்கோவுக்குப் போவது. சாவியைத் திருப்பிவிட்டு, பல்பின் மறு நுனியை எஸ்.டபிள்யூ. முனையில் தொடுங்கள். எரிய வேண்டும். எரியவில்லையென்றால் முன்பு சொன்ன சுவிட்ச், ஒயர் சங்கதி. அங்கேயே நின்று அதைப் பாருங்கள்.

எரிந்தால் அடுத்தது சி.பி. முனை. இங்கேதான் கவனம் வேண்டும். சாவியை அணைத்துவிட்டு டெல்கோ மூடியைக் கழற்றுங்கள். ரோட்டரையும் எடுத்துவிடுங்கள். மைனரில் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்றினால் பாயிண்ட் மூடுவதும் திறப்பதும் கண்ணுக்குத் தெரியும். பாயிண்ட் திறந்த இடத்தில் நிறுத்திக் கைப்பிடியை உருவிவிட்டு, சாவியைத் திருப்பி, சி.பி.யில் பல்பை வையுங்கள். எரிய வேண்டும். பாயிண்ட் மூடிய இடத்தில் பார்த்தால் அணைந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் காயிலின் தடித்த சுற்று அறுந்து போகவில்லை, பாயிண்டும் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

பாயிண்ட் திறந்தும் பல்ப் எரியவில்லையா? அவசரப்பட்டுக் காயிலைத் தூக்கி எறியாதீர்கள். சி.பி.யிலிருந்து டெல்கோவுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்ல பிள்ளை. டெல்கோவுக்குள் எங்கோ மின்சாரம் பாடியில் இறங்குகிறது. கண்டென்சர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பாயிண்ட் மாற்றியவர் சின்ன பிளாஸ்டிக் வாஷரைத் தப்பாகப் போட்டிருக்கலாம். "நேத்துவரைக்கும் ஓடுச்சு, புதுப் பாயிண்ட் போட்டதும் செத்துப் போச்சு" என்பவர்கள் இந்த வாஷரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாயிண்டின் தகட்டுச் சுருளும் ஒயர் முனைகளும் நடுத்தண்டையோ அடித்தகட்டையோ தொடவே கூடாது.

டெல்கோ ஒயரைக் கழற்றிய பிறகும் சி.பி.யில் பல்ப் எரியவில்லை என்றால் மட்டும், ஆம், காயிலுக்குள் கம்பி அறுந்துவிட்டது. அது செத்த காயில்தான்.

எதிர்மாறான கோளாறும் உண்டு. பாயிண்ட் மூடியிருக்கிறது, ஆனாலும் பல்ப் எரிகிறது. அப்படியானால் மின்சாரம் பாயிண்ட் வழியே இறங்கவில்லை. பாயிண்டின் முகம் கருகியிருக்கும், அல்லது எண்ணெய் படிந்திருக்கும். அல்லது டெல்கோவுக்குள் போகும் அந்தச் சின்ன ஒயர் ஆடி ஆடி, மேல்தோல் நன்றாயிருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும். இது பெரிய போக்கிரி. நிற்கும்போது தொடர்பு இருக்கும். வேகம் ஏறி உள்தகடு திரும்பியதும் விட்டுப்போகும். ஒயரை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் ரப்பர் போல நீளும். எத்தனையோ நல்ல காயில்கள் இந்த ஒரு சாண் ஒயரால் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பொறியைப் பார்ப்பது

பல்ப் சோதனை சரியாக வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் அடுத்தது பெரிய வோல்ட். காயிலின் நடு உச்சியிலிருந்து டெல்கோ மூடிக்குப் போகும் தடித்த ஒயரை, மூடிப் பக்கம் பிடுங்குங்கள். கையால் பிடிக்காதீர்கள். உலர்ந்த, நல்ல உறையிட்ட குறடால் பிடித்து, நுனியை எஞ்சின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைத் திருப்பி, உலர்ந்த மரக்குச்சியால் பாயிண்டைத் தட்டித் திறங்கள். நீலப் பொறி 'சடக்' என்று தாவினால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் வேலை செய்கின்றன. மஞ்சளாக, நூல் போல, அழுமூஞ்சியாக வந்தால் மூன்றில் ஒன்று பலவீனம்.

பலவீனமான பொறிக்கு முதலில் கண்டென்சரை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். காயிலைவிட மலிவு, கெட்டுப்போவதும் அடிக்கடி. பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரமாகக் கருகுகிறது, வண்டி புகைக்குழாயில் வெடிக்கிறது என்றாலே கண்டென்சரின் கைவரிசை என்று நினைக்கலாம். இன்று விற்கும் புதுக் கண்டென்சர் எல்லாம் பழையவை போல உழைப்பதில்லை. புதிதாய் மாட்டியதுதானே என்று அதை நம்பிவிடாதீர்கள்.

பொறி நன்றாகத் தாவுகிறது, ஆனாலும் வண்டி கிளம்பவில்லை என்றால் ரோட்டரைச் சோதியுங்கள். ரோட்டரை அதன் இடத்தில் வைத்து, அதே தடித்த ஒயர் நுனியை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே ஒரு மூன்று மில்லிமீட்டரில் பிடித்துப் பாயிண்டைத் தட்டுங்கள். பொறி ரோட்டருக்குத் தாவவே கூடாது. தாவினால் ரோட்டர் உள்ளே ஓட்டையாகி மின்சாரம் தண்டில் இறங்குகிறது. வெளியில் பார்த்தால் புதுமணப் பெண் போல இருக்கும்!

மழைக்கால விடியலில் பால்மரக் காட்டு ஓரம் நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு இன்னொன்று. டெல்கோ மூடியை உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் அது பென்சில் கோடு அல்ல, மின்சாரம் நடந்த பாதை. துடைத்தால் போகாது. மூடியை மாற்றத்தான் வேண்டும். காயிலின் உச்சிக் குழியிலும் இதே கறுப்புக் கோடு வருவதுண்டு. அங்கே வந்திருந்தால் காயிலுக்கே மாற்றல் உத்தரவு.

அப்படியானால் காயில் எப்போதுதான் குற்றவாளி?

காயிலுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. காலையில் ஜம்மென்று கிளம்பும். இருபது நிமிடம், அரை மணி ஓடி நன்றாகச் சூடேறியதும் சாவியை அணைத்தது போல நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஒரு கோப்பித் தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அடுத்த அரை மணியில் மறுபடி படுக்கும். உள்ளே மெல்லிய கம்பியின் பூச்சு பழுத்துப்போய், சூட்டில் விரிந்ததும் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்கிறது, அல்லது விட்டுப்போகிறது. ஆறியதும் பழைய இடத்துக்கு வருகிறது. பட்டறைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் வண்டி நன்றாக ஓடும். போர்மன் நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்.

ஆனால் இதே நாடகத்தைக் கண்டென்சரும் ஆடும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொண்டாலும் இதேபோலத்தான் நிற்கும். பிரித்தறிய ஓர் எளிய வழி: வண்டி நின்றதும் சாவியை அணைத்துவிட்டு, முனைகளில் படாமல் காயில் டப்பாவை மட்டும் ஈரத் துணியால் சுற்றிக் குளிர வையுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். சில நிமிடத்தில், எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி கிளம்பினால் காயில் மாட்டிக்கொண்டது.

மீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு எஸ்.டபிள்யூ.வுக்கும் சி.பி.க்கும் இடையே அளக்கலாம். மைனர் காயிலில் 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். மீட்டர் நுனிகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு, அதில் வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். மலிவு மீட்டர்களில் அதுவே அரை ஓம் காட்டும். சி.பி.க்கும் நடு உச்சிக்கும் இடையே சில ஆயிரம் ஓம் வரும். வண்டி நின்ற சூட்டிலேயே அளந்தால்தான் உண்மை தெரியும். அதிலும் ஒரு சங்கடம்: மீட்டர் அனுப்புவது சொட்டு மின்சாரம். பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் கசியும் காயில்கூட மீட்டரிடம் நல்லவனாக நடிக்கும். கடைசித் தீர்ப்பு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு காயிலை இரவல் வாங்கி மாட்டி அதே தூரம் ஓட்டிப் பார்ப்பதுதான். பட்டியில் திருகிக்கூட வைக்க வேண்டாம். ஆடாமல் கட்டிவைத்து இரண்டு ஒயரையும் உச்சி ஒயரையும் மாற்றினால் போதும்.

காயிலைக் கொன்றது யார்?

ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர் ஒருவர், வயதில் பெரியவர், ஒரே வருடத்தில் மூன்று காயில் மாற்றியவர். "மாமா, பழைய காயில் எங்கே?" என்று கேட்டேன். நல்லவேளை, ஒன்றை வைத்திருந்தார். அளந்தால் 1.5 ஓம். "கடைக்காரன் இதான் ஸ்ட்ராங்கு, பொறி நல்லா அடிக்கும்னான் தம்பி" என்றார். அது வேறு காடிகளுக்கானது. அவற்றில் காயிலுக்கு முன்னால் மின்சாரத்தைக் குறைக்க ஒரு தடைக் கம்பி இருக்கும். மைனரில் அது கிடையாது. 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில், இதில் 8 ஆம்பியர் ஓடியது. காயில் கொதித்தது, பாயிண்டும் கருகியது. ஒவ்வொரு தடவையும் செத்தது வேறு காயில், கொன்றது அதே தவறான அளவு. "அப்போ மூணும் அநியாயமாச் செத்துச்சா?" என்று அவர் கேட்டதில் சிரிப்பும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. காயில் வாங்கும்போது, "தடைக் கம்பி இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு, 3 ஓம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மீட்டர் இருந்தால் கடையிலேயே அளந்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொரு கொலைகாரன், எஞ்சின் ஓடாமல் சாவியைத் திருப்பியே விட்டுவைப்பது. பிள்ளைகள் சாவியோடு விளையாடுவார்கள். நாமும் விளக்கைச் சோதிக்கிறேன் என்று திருப்பிவிட்டு மறந்துபோவோம். அந்த நேரம் பாயிண்ட் மூடிய இடத்தில் நின்றிருந்தால் காயிலில் விடாமல் மின்சாரம் ஓடும். நாற்பத்தைந்து வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள். ஓடும்போதாவது பாயிண்ட் திறந்து மூடி இடைவேளை கொடுக்கும், விசிறிக் காற்றும் படும். இப்போது எதுவும் இல்லை.

டைனமோ கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டு அதிக வோல்ட் அனுப்பினாலும் காயில் வதங்கும். உச்சி ஒயர் சரியாக உட்காமல் இடைவெளி விட்டாலும், பிளக்கின் வாய் தேய்ந்து அகன்றாலும் பொறிக்கு வழி கடினமாகி, வோல்ட் எகிறிக் காயிலுக்குள்ளேயே குறுக்கு வழி தேடும். மைனருக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். சிகரெட் அட்டை அளவு போதும் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டப்பாவின் கழுத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் அந்தக் காயிலுக்கு இனி ஆயுள் குறைவு.

பல மைனர்களில் காயில் டைனமோவின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். சூடும் குலுக்கலும் அதற்கு அங்கே இலவசம். பட்டித் திருகு தளர்ந்து ஆடினால் உள்கம்பி அறுவது சீக்கிரம்.

புதுக் காயில் மாட்டும்போது

இப்போது வரும் காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இருக்காது. பிளஸ், மைனஸ் என்றிருக்கும். பாசிட்டிவ் பாடியில் கட்டிய வண்டியென்றால் மைனஸ் முனைக்குச் சுவிட்ச் ஒயர், பிளஸ் முனைக்கு டெல்கோ ஒயர். நெகட்டிவ் பாடியில் கட்டிய வண்டிக்கு அப்படியே தலைகீழ்: பிளஸ்ஸில் சுவிட்ச், மைனஸில் டெல்கோ. மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் பொறி தப்பான திசையில் தாவக் கூடுதல் வோல்ட் கேட்கும். மேட்டில் இழுவை குறையும், ஈரக் காலையில் கிளம்பச் சண்டித்தனம் செய்யும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த ஒயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். யாரையும் கேட்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் அரை மணி ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்துக் காயில் டப்பாவின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக, நன்றாகச் சூடாகக்கூட இருக்கலாம். பத்து எண்ணும்வரை கை பொறுத்தால் கவலையில்லை. வைத்த கையைச் சட்டென்று எடுக்க வேண்டி வந்தால், முன்பு சொன்ன கொலைகாரர்களில் ஒருவர் இன்னும் வண்டிக்குள்ளேதான் இருக்கிறார். ஓம் அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கழற்றிய பழைய காயில் சோதனையில் நல்லதென்று தேறியிருந்தால் எறியாதீர்கள். 'நல்லது' என்று மையால் எழுதி, தேதியும் போட்டு, ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டர், அந்தச் சின்ன பல்ப், இரண்டு ஒயர், குறடு இவற்றோடு பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்பெட்டியில் வையுங்கள். காயிலை மட்டும் துணியில் சுற்றி வையுங்கள். மண் ரோட்டுக் குலுக்கலில் அதன் பேக்கலைட் தலை உடைந்தால் பிறகு அதுவும் வேலைக்கு ஆகாது.